விரல் நுனியிலிருந்து வாசற்படி வரை: சிங்கப்பூரில் ஒரு பிரசாரத்துக்கு மீண்டும் உயிரூட்டும் வழி

2021 ஏப்ரல் 20ஆம் தேதி காலை, தீவு விரைவுச்சாலையில் 17 வெளிநாட்டு ஊழியர்களைப் பின்புறத்தில் ஏற்றிச் சென்ற லாரி ஒன்று, நின்றிருந்த டிப்பர் லாரியின் மீது மோதியது, இருவர் உயிரிழந்தனர். அன்றிரவு எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் உறங்கியவர் எவருமில்லை. லாரியின் பின்புறத்தில் மனிதர்களை ஏற்றிச் செல்வதை நிறுத்த வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சேர்ந்து தமிழில் ஒரு வேண்டுகோள் எழுதி இணையத்தில் இட்டோம். கையொப்பங்கள் மளமளவென்று சேர்ந்தன. மூன்று வாரங்கள் கழித்து, அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவதற்கு ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்தபோது 11 பேர் வந்தார்கள். அவர்களில் ஆறு பேர் எங்கள் உறவினர்கள்.

மக்களுக்கு அக்கறை இல்லை என்று அன்று சிலர் சொன்னார்கள். அது உண்மையன்று. கையொப்பமிட்ட ஒருவருக்குக்கூட நாங்கள் மறுபடி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதே உண்மை. இணையத்தில் கிடைக்கும் கையொப்பத்தைப் பிரசாரத்தின் விளைச்சலாக எண்ணிவிட்டோம்; அது வெறும் விதை என்பது பிறகுதான் உறைத்தது. இணையப் பிரசாரம், நேரடிப் பிரசாரம் என்று இரண்டு தனித்தனி வேலைகள் இல்லை. இணையத்தில் நம்மைத் தொட்ட ஒவ்வொருவரையும் ஒரு மனிதக் குரல் தேடிச் செல்ல வேண்டும். நேரில் கேட்ட ஒவ்வொரு கதையும், சொன்னவரின் சம்மதத்தோடு, இணையத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். என் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஊழியர் நலம் சார்ந்தவை. ஆயினும், அடுக்குமாடி புளோக்கின் கீழ் முதியோருக்கு இருக்கை கேட்பவரும் காட்டைக் காக்க விரும்புபவரும் இதே வழியில் செல்லலாம்.

கோரிக்கையைப் படிக்கட்டாக அமையுங்கள்

முதல் வேலை, என்ன வேண்டும், யாரிடம் வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. "ஊழியர்களின் கண்ணியத்தைக் காப்போம்" என்பது நல்ல உணர்வு, ஆனால் அதைக் கையில் வாங்கிக்கொண்டு எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. "சரக்கு வாகனங்களின் பின்புறத்தில் ஊழியர்களை ஏற்றிச் செல்ல விதிகள் அளிக்கும் விலக்கைக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும்; இதைப் போக்குவரத்து அமைச்சும் மனிதவள அமைச்சும் சேர்ந்து செய்ய வேண்டும்" என்று எழுதினால், பேச்சு தொடங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது.

பிறகு அந்தக் கோரிக்கையைப் படிகளாகப் பிரியுங்கள். உச்சிப் படி, எல்லா ஊழியர்களும் பேருந்தில் செல்வது. அதற்குக் கீழே, நீண்ட தூரப் பயணங்களுக்கு மட்டுமாவது பேருந்து. அதற்கும் கீழே, களைத்துப்போன ஓட்டுநர் வண்டி எடுக்காமல் தடுப்பது, மழையில் நனையாமல் காப்பது போன்றவை. கீழ்ப்படிகளைக் கேட்பது சமரசம் என்று கருதும் தோழர்கள் உண்டு. அவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 2023 ஜனவரி முதல் லாரிகளுக்கு மழைத் தடுப்புறை கட்டாயமானதும், பகலில் வேலை செய்த ஓட்டுநர் ஊழியர்களை ஏற்றிச் செல்வதற்கு முன் ஓய்வெடுக்க வேண்டும் என்ற விதி வந்ததும் அந்தக் கீழ்ப்படிகளில்தான் நிகழ்ந்தன. மேல்படி இன்னும் எட்டவில்லை. 2023 ஜூலையில் பல அமைப்புகள் சேர்ந்து அறிக்கை வெளியிட்டபோது, வணிகச் சங்கங்கள் செலவையும் நடைமுறைச் சிக்கல்களையும் காட்டி மறு அறிக்கை வெளியிட்டன. அந்த மறு அறிக்கையை ஒவ்வொரு தொண்டூழியரும் வரிவரியாகப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். எதிர்த்தரப்பு எதற்கு அஞ்சுகிறது என்பதை அறியாதவர், அடுத்த வாதத்தை எழுத முடியாது.

காலத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இல்லப் பணிப்பெண்களுக்கு வார ஓய்வு நாள் வேண்டும் என்ற இயக்கத்தைப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர் நலனுக்காக இயங்கும் டிடபிள்யூசி2 (TWC2) அமைப்பு 2003இல் உருவானது. அதே நோக்கம் கொண்ட ஹோம் (HOME) அமைப்பு 2004இல். அவ்விரண்டும் ஐ.நா. மகளிர் நிதியத்தின் சிங்கப்பூர்ப் பிரிவான யூனிஃபெம் சிங்கப்பூரோடு சேர்ந்து 2008இல் ஓய்வு நாள் பிரசாரத்தை நடத்தின. 2012 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அறிவிப்பு வந்தது. 2013 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஓய்வு நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிடலாம் என்ற வழி திறந்தே இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்டக் கூடாது என்ற விதி வருவதற்கு மேலும் பத்தாண்டு பிடித்தது. 2023 ஜனவரியில்தான் அது வந்தது. ஆகவே, ஆறு மாதப் பிரசாரம் என்று திட்டமிட்டால் ஆறாவது மாதத்தில் மனம் உடைந்துவிடும். பத்தாண்டுக்கு ஆள் சேர்க்கிறோம் என்ற எண்ணத்தோடு தொடங்குங்கள்.

இணையத்தில் செய்ய வேண்டியது

வேண்டுகோளின் கீழ் பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். மூன்று கேள்விகளைச் சேருங்கள்: இந்த விவகாரம் உங்களுக்கு எப்படித் தெரியவந்தது, நீங்கள் எந்த வட்டாரத்தில் வசிக்கிறீர்கள், எங்கள் தொண்டூழியர் உங்களைத் தொலைபேசியில் அழைக்கலாமா. மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்பவர் பத்தில் ஒருவராக இருந்தாலும், அவர்தான் உங்கள் இயக்கம். அவரை 48 மணி நேரத்துக்குள் அழைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அழைத்தால், எதில் கையொப்பமிட்டோம் என்பதையே பலர் மறந்திருப்பார்கள்.

அழைக்கும்போது உதவி கேட்டுத் தொடங்க வேண்டாம். "நீங்கள் கையொப்பமிட்டதற்கு நன்றி, ஏன் போட வேண்டும் என்று தோன்றியது?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருங்கள். அந்தப் பேசாமல் இருப்பதுதான் புதிய தொண்டூழியர்களுக்குக் கடினமான பாடம். எதிர்முனையில் சற்று மௌனம் நிலவும். அதை நிரப்ப வேண்டும் என்று நமக்குக் கைகள் பரபரக்கும். பொறுத்திருந்தால், தம்முடைய மாமாவைப் பற்றியோ, தினமும் காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்க்கும் லாரியைப் பற்றியோ அவர் பேசத் தொடங்குவார். பேசி முடித்த பிறகு, ஒரே ஒரு சிறிய அடுத்த அடியைக் கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வர முடியுமா, இரண்டு நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேச முடியுமா. பெரிதாகக் கேட்டால் மரியாதைக்குச் சரி என்பார், வரமாட்டார்.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் எல்லாரையும் ஒன்றில் அடைக்கும் ஆசை வரும். அதைச் செய்யாதீர்கள். ஆயிரம் பேர் உள்ள குழுவில் பத்துப் பேர் பேசுவார்கள், மற்றவர்கள் அறிவிப்பொலியை அணைத்துவிடுவார்கள். அறிவிப்புகளுக்கு மட்டும் ஒரு பெரிய வழித்தடம் இருக்கட்டும். உரையாடலுக்கு வட்டாரவாரியாக இருபது பேருக்கு மிகாத சிறு குழுக்கள் போதும். ஈசூன் குழு, ஜூரோங் குழு, பொங்கோல் குழு என்று பிரிந்தால், ஒரே காப்பிக் கடையில் சந்திக்கக்கூடியவர்கள் ஒரே குழுவில் இருப்பார்கள். நேரில் சந்திப்பதற்கான பாதையை இணையத்திலேயே போட்டு வைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

மொழியைப் பற்றி நான் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் தமிழர்களாகிய நாம் நம் பலத்தைக் கைவிடுகிறோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காட்டினர். இந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கடைசியில் தமிழாக்கம் செய்தால் போதும் என்று முடிவு செய்துவிடுகிறோம். அப்படி வரும் தமிழ், அரசாங்கச் சுற்றறிக்கை போல் மரத்துக் கிடக்கிறது. லாரி விவகாரத்தில் பாதிக்கப்படுபவர்களில் பெருந்தொகையினர் தமிழும் வங்காளமும் பேசுபவர்கள். அவர்களுடைய சொற்கள் முதலில் தமிழில்தான் பிறக்கின்றன. ஆகவே தமிழில் கேளுங்கள், தமிழில் எழுதுங்கள், பிறகு அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் சீனத்துக்கும் கொண்டு செல்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேற்படாத குரல் பதிவுகளையும் தயாரியுங்கள். எழுத்தைப் படிக்காத அத்தைமார்கள் குரலைக் கேட்பார்கள், கேட்டுவிட்டுத் தங்கள் குழுக்களுக்கு அனுப்பியும் வைப்பார்கள்.

எழுதும் ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரத்தைத் தனிக் கோப்பில் தேதியோடு சேமித்து வையுங்கள். 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, இணையவழிப் பொய்களுக்கு எதிரான சட்டம், தகவல் என்று கூறப்படும் பொய்களுக்குப் பொருந்தும், கருத்துகளுக்குப் பொருந்தாது. எனவே எது தகவல், எது உங்கள் கருத்து என்பது வாக்கியத்திலேயே தெரியும்படி எழுதப் பழகுங்கள். "இந்த விதி போதாது என்று நாங்கள் கருதுகிறோம்" என்பது ஒரு வகை. "இத்தனை பேர் இறந்தார்கள்" என்பது வேறு வகை. இரண்டாவது வகையை எழுதும் முன் இருவர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்லியிருப்பேன். தவறான ஒரே ஓர் எண், ஐந்தாண்டு உழைப்பின் மீதான நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.

வாசற்படியில்

உட்லண்ட்ஸில் ஒரு மாலை, தொலைபேசியில் 'ஆம்' என்று சொன்ன ஒரு தங்கையின் அறிமுகத்தோடு, அவருடைய புளோக்கிலேயே வசிக்கும் ஒரு பாட்டியைப் பார்க்க நானும் ஒரு மாணவரும் போனோம். வாசலில் காய்ந்த மாவிலைத் தோரணம். இரும்புக் கதவு பூட்டியபடி இருக்க, ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி பாட்டி கம்பிகளுக்கு அப்பால் நின்றார். நாங்கள் நீட்டிய தாளை வாங்காமல், "இதுல கையெழுத்துப் போட்டா என் பேரனுக்கு வேலையில ஏதும் பிரச்சினை வருமா தம்பி?" என்று கேட்டார். மாணவர் உடனே, "அதெல்லாம் ஒண்ணும் வராது பாட்டி" என்றார்.

அது தவறு. பாட்டியின் அச்சம் உண்மையானது. அதைத் தீர்த்து வைக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். அந்தத் தாள் யாருக்குப் போகும், பெயர்களை யார் பார்ப்பார்கள், எங்கே வைத்திருப்போம், எப்போது அழிப்போம் என்பதைச் சொன்னேன். "நீங்கள் போட வேண்டாம் பாட்டி, நாங்கள் சொல்ல வந்ததைக் கேட்டாலே போதும்" என்றேன். பாட்டி சிறிது நேரம் எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். மைலோ கலக்கிக் கொடுத்தார். அவருடைய கணவர் எழுபதுகளில் ஜூரோங் கப்பல் பட்டறைக்கு லாரியில்தான் போனாராம். மழை நாளில் அவர் திரும்பி வந்ததும், சட்டையைப் பிழிவதற்கு முன் அவருடைய முழங்கால்களைத்தான் பார்ப்பாராம் பாட்டி. பலகையில் முட்டி முட்டி, தோல் உரிந்து, இரண்டு முழங்காலிலும் ஒரே இடத்தில் வட்டமாகக் காய்த்திருக்குமாம். பாட்டி தம் முழங்காலின் மேல் விரலால் அந்த வட்டத்தை வரைந்து காட்டினார்.

அவர் கடைசிவரை கையொப்பமிடவில்லை. ஆனால் பெயர் போடாமல் அந்தக் கதையைச் சொல்ல அனுமதித்தார். அடுத்த முறை போனபோது பக்கத்து வீட்டு மலாய் நண்பரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். அந்த முழங்கால்களின் கதையை ஒரு நிமிடக் குரல் பதிவாக்கி அனுப்பியபோது, நாங்கள் அதுவரை வெளியிட்ட எந்தப் பதாகைப் படத்துக்கும் வராத அளவுக்கு மறுமொழிகள் வந்தன. "என் அப்பாவும் அப்படித்தான் போனார்" என்று எழுதியவர்களே அதிகம். வெளிநாட்டு ஊழியர் விவகாரமாக இருந்த ஒன்று, அன்று முதல் எங்கள் வட்டாரத்தில் நம் வீட்டு விவகாரம் ஆயிற்று.

இந்த வகைச் சந்திப்புக்கு ஒரு நடைமுறை வைத்துக்கொள்ளுங்கள். இருவராகப் போங்கள்; ஒருவர் பேசட்டும், மற்றவர் கேட்கட்டும். முன்னறிமுகம் இல்லாத வீடுகளைத் தட்டுவதைவிட, ஏற்கெனவே பேசியவர் கைகாட்டும் வீட்டுக்குப் போவது நல்லது. இரவு ஒன்பதுக்கு மேல் போக வேண்டாம். தொடர்நாடக நேரத்திலும் வேண்டாம். வெளியே வந்ததும், மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே, கேட்டதை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நம் சொற்களுக்கு மாற்றிவிட்டால் உயிர் போய்விடும்.

அடுத்த கட்டம், அந்த வீடுகளில் ஒன்றிலேயே தேநீர்ச் சந்திப்பு நடத்துவது. எட்டுப் பேர், ஒரு தட்டு வடை, ஒன்றரை மணி நேரம். முதல் அரை மணி நேரம் ஆளுக்கொரு கதை; அடுத்த அரை மணி நேரம் கோரிக்கையின் படிகளை விளக்குவது; கடைசி அரை மணி நேரம் யார் எதைச் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று தாளில் எழுதுவது. மூன்றாவது பகுதி இல்லாத கூட்டம் நல்ல அரட்டையாக முடிந்துவிடும்.

சட்டத்தின் எல்லைகள்

இவற்றை அறியாமல் நல்ல மனிதர்களைச் சிக்கலில் மாட்டிவிடுவது மன்னிக்க முடியாத தவறு என்பதால் கவனமாகப் படியுங்கள். 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின்படி, ஒரு நோக்கத்தை வெளிப்படுத்த ஒரே ஒருவர் பொது இடத்தில் பதாகையோடு நின்றாலும் அது கூட்டமாகக் கருதப்படலாம். அதற்குக் காவல்துறையின் அனுமதி வேண்டும். ஹோங் லிம் பூங்காவில் உள்ள பேச்சாளர் முனை இதற்கு விலக்கு. 2000 செப்டம்பர் 1இல் பேச்சுகளுக்காகத் திறக்கப்பட்ட அந்த இடத்தில், 2008 செப்டம்பர் முதல் ஆர்ப்பாட்டங்களையும் நடத்தலாம். தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். ஏற்பாட்டாளரும் பேச்சாளர்களும் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருக்க வேண்டும். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றில் பேசலாம், தமிழும் அதில் உண்டு. இனம், சமயம் தொடர்பானவற்றைப் பேசக் கூடாது.

நிரந்தரவாசிகள் அங்கு நடக்கும் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ளலாம், ஏற்பாடு செய்யக் கூடாது. வேலை அனுமதியில் இருப்பவர்கள் கலந்துகொள்ளவே கூடாது. தங்கள் சொந்த விவகாரத்துக்காக நடக்கும் கூட்டத்தில் ஊழியர்கள் நிற்க முடியாது என்பது எனக்கு இன்றும் மனவருத்தம் தருகிறது. ஆனால் ஒரு நண்பரை அன்பு மிகுதியால் அங்கே அழைத்துப்போய், அவருடைய வேலை அனுமதி பறிபோனால், ஊரில் கடனோடு காத்திருக்கும் குடும்பத்துக்கு நம்மால் என்ன பதில் சொல்ல முடியும்? அவர்களுடைய குரலைப் பெயரின்றி, முகமின்றி, அவர்கள் ஒப்புக்கொண்ட அளவுக்கு மட்டும் கொண்டு செல்லுங்கள். முதலாளியின் பெயர், விடுதியின் பெயர், வேலையிடம் ஆகிய மூன்றையும் நீக்குங்கள்; ஊரும் வயதும் சேர்ந்தே ஒருவரைக் காட்டிக் கொடுக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

உள்ளரங்கில் நடக்கும் கூட்டங்களுக்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. அங்கும் ஏற்பாட்டாளர் குடிமகனாக இருந்து நேரில் இருக்க வேண்டும், பேச்சாளர்கள் குடிமக்களாக இருக்க வேண்டும், இனம், சமயம் தொடர்பான பொருளாக இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் காணொளி வழியாகப் பேச வைத்தாலும் அவர் வெளிநாட்டுப் பேச்சாளர்தான். பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நிலையான அமைப்பாக இயங்கினால், சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். வீடுவீடாகவோ தெருவிலோ பணம் திரட்ட அனுமதி வேண்டும். தொடக்கத்தில் பணமே திரட்ட வேண்டாம் என்பது என் ஆலோசனை. வடைக்கும் தாளுக்கும் ஆளுக்கு ஐந்து வெள்ளி போட்டால் ஓராண்டு ஓடிவிடும்.

விவரம் சேகரிக்கும்போது அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். பொதுவாகச் சட்டப்படி தேவைப்பட்டாலன்றி அமைப்புகள் அதைச் சேகரிக்கக் கூடாது என்று 2019 செப்டம்பர் முதல் வழிகாட்டி உள்ளது. நாடாளுமன்றத்தில் முறைப்படி சமர்ப்பிக்கும் மனுவுக்குத் தனி விதிகள் உண்டு. அந்தக் கட்டம் வரும்போது அதற்கென்று தனியாகக் கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம். இந்த விதிகள் அவ்வப்போது மாறுபவை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் காவல்துறை, பூங்காக் கழகம் ஆகியவற்றின் இணையத்தளங்களில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இடத்தையே பேச வையுங்கள்

புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா கடலோரத்தை, கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புக்காக மூடுவதாக இருந்தது. 2001இல் இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் அங்கு வாழும் உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். படங்கள் இணையத்தில் வந்தன. ஃபேஸ்புக் பிறக்காத காலம் அது. ஆனால் அந்தப் படங்கள் மட்டும் வேலை செய்யவில்லை. படங்களைப் பார்த்தவர்கள் படகேறிப் போனார்கள். கடல் உள்வாங்கிய நேரத்தில் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மணல் திட்டில் நடந்து நட்சத்திர மீனைக் கண்ணால் பார்த்தார்கள். திரும்பி வந்து கடிதங்கள் எழுதினார்கள். நிலமீட்பு தள்ளிவைக்கப்பட்டதாக 2002 ஜனவரியில் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது.

இருபது ஆண்டுக்குப் பின், வீடுகள் கட்டத் திட்டமிடப்பட்ட டோவர் காட்டு விவகாரத்திலும் அதே இணைப்பைக் காணலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) வெளியிட்ட சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையை மக்கள் படித்துக் கருத்துரைத்தார்கள். இணைய மனுவில் 50,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். காட்டைப் பார்க்க நேரிலும் போனார்கள். 2021 ஜூலையில், கிழக்குப் பகுதியில் வீடுகள் கட்டுவதென்றும் மேற்குப் பகுதியை இப்போதைக்கு விட்டுவைப்பதென்றும் அரசு அறிவித்தது. பாதிதான் கிடைத்தது. ஆனால் அந்தப் பாதியில் இன்றும் மரங்கள் நிற்கின்றன.

உங்கள் விவகாரத்துக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும். அதைக் கண்டுபிடித்து மக்களை அங்கே கூட்டிச் செல்லுங்கள். நாங்கள் செய்தது மிக எளிது. காலை ஆறு மணிக்குத் தொண்டூழியர்கள் அவரவர் பேருந்து நிறுத்தத்தில் வழக்கம்போல் நின்று, அரை மணி நேரத்தில் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் லாரிகள் எத்தனை கடக்கின்றன என்று எண்ணினார்கள். பதாகை இல்லை, முழக்கம் இல்லை, வேலைக்குப் போகும் வழியில் ஒரு கணக்கு, அவ்வளவுதான். எண்ணத் தொடங்கிய பிறகு அந்த லாரிகளைப் பார்க்காமல் இருக்க எவராலும் முடியவில்லை.

நம் முன்னோரும் இந்த இணைப்பை அறிந்தவர்களே. கோ. சாரங்கபாணி 1935 ஜூலை 6இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கியபோது, அச்சுத்தான் அன்றைய இணையம். ஆனால் அவர் அச்சோடு நிற்கவில்லை. 1952 முதல் தமிழர் திருநாள் மேடைகளில் ஊர்கூடியது. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று அவர் வாதாடியபோது, அந்த வாதம் தலையங்கத்தோடு முடியாமல், 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டும் இயக்கமாக மக்களிடம் போனது. எழுத்தைப் படித்தவருக்குச் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது. இன்றைய நம் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் இல்லாதது அதுதான். இனி ஒரு பதிவை வெளியிடும் முன், "இதைப் படித்து மனம் நெகிழ்ந்தவர் நாளை மாலை என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் வெளியிடுவதைத் தள்ளிப்போடுங்கள்.

நாடாளுமன்ற உறுப்பினரிடம்

உறுப்பினர்கள் வழக்கமாக வாரந்தோறும் மாலை வேளையில் தொகுதி மக்களைச் சந்திக்கிறார்கள். பெரும்பாலோர் சொந்தச் சிக்கலுக்காகவே அங்கு போகிறார்கள். கொள்கை பற்றிப் பேசவும் போகலாம். கூட்டமாகப் போக வேண்டாம். அந்தத் தொகுதியில் வசிக்கும் இருவரோ மூவரோ போய், ஒரே பக்கத்தில் கோரிக்கையையும் இரண்டு கதைகளையும் கொடுத்து, "இதைப் பற்றி நீங்கள் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். ஐந்து தொகுதிகளில் ஐந்து வெவ்வேறு குழுக்கள் ஒரே மாதத்தில் இதைச் செய்தால் அதன் கனமே வேறு. வட்டாரவாரியாகக் குழு பிரித்ததன் பயன் இங்கே கைகொடுக்கும். வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரியில் வருகிறது; அமைச்சுகளின் செலவு மீதான விவாதம் அதைத் தொடர்ந்து மார்ச்சு வரை நடக்கிறது. ஆகவே நவம்பரிலேயே தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஜனவரி இறுதியில் போனால் அவர்களுக்குப் படிக்க நேரமிருக்காது.

கேள்வி எழுப்பப்பட்டால், அதற்கு வந்த பதிலை முழுவதுமாகத் தமிழில் எழுதி, பாட்டி உட்படக் கதை சொன்ன ஒவ்வொருவருக்கும் நேரில் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். பதில் ஏமாற்றமளித்தாலும் சொல்லுங்கள். தம் சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறிந்தவர், அடுத்த முறை கதவைத் தயங்காமல் திறக்கிறார்.

சோர்வும் கைமாற்றமும்

இரண்டாவது ஆண்டில் சோர்வு வரும். வேலை, பிள்ளைகளின் தேர்வு, வயதான பெற்றோர் என்று ஒருவர்பின் ஒருவராக விலகுவார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். விலகும்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க வையுங்கள். எந்தப் பொறுப்பையும் ஒருவரே ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று நாங்கள் விதி வைத்த பிறகு, விலகியவர்களில் மூவர் திரும்பி வந்தார்கள். கதவு திறந்தே இருக்கிறது என்று தெரிந்தால் மக்கள் திரும்புகிறார்கள்.

என் நம்பிக்கை இளையவர்கள் மேல்தான். காணொளி வெட்டி ஒட்டுவதில் அவர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. வாசலில் நின்று மௌனமாகக் கேட்பதைச் சொல்லித்தர இருக்கிறது. "அதெல்லாம் ஒண்ணும் வராது பாட்டி" என்று சொன்ன அந்த மாணவர் இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறார். சென்ற மாதம் என்னிடமிருந்த உட்லண்ட்ஸ் குறிப்பேட்டை, மின்தூக்கியருகே நின்று எழுதிய கிறுக்கல்களோடு, அவரிடம் ஒப்படைத்தேன். வரும் ஞாயிறு அவர் இரண்டு புதியவர்களை அழைத்துக்கொண்டு அதே புளோக்கின் நான்காவது மாடிக்குப் போகிறார். நான் போகவில்லை, வடை மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறேன்.